10 அடி அறையில மூண்டு மொனிற்றர் வைக்கலாமா? வீட்டில இருந்து வேலை செய்யிற ஆக்கள் சொல்லுங்கோ

கொக்குவில்_கணக்கு

எல்லாருக்கும் வணக்கம். யாழ்ப்பாணம் கொக்குவிலில இருந்து எழுதுறன். வாற மாதத்தில இருந்து எனக்கு முழுக்க வீட்டில இருந்துதான் வேலை. லண்டனில இருக்கிற ஒரு சின்ன நிறுவனத்துக்குக் கணக்குப் பதியிறது. எங்கட நேரம் பின்னேரம் 1.30 க்குத் தொடங்கி இரவு 10 மணிக்கு முடியும். அங்க ஒக்ரோபர் கடைசியில மணிக்கூட்டை மாத்தினாப் பிறகு 2.30 தொடக்கம் 11 மணி வரை.

அப்பம்மா இருந்த அறையை எனக்கு ஒதுக்கித் தந்திருக்கினம். 10 அடிக்கு 10 அடி. மேற்குப் பக்கம் பெரிய கம்பி யன்னல். பிளக் பொயின்ற் கிழக்குச் சுவரில ஒண்டே ஒண்டு, அதுவும் பழைய உருண்டை முள்ளு. அதுக்குக் கீழ 4 அடி மேசையைப் போட யோசிச்சிருக்கிறன். 24 அங்குல மொனிற்றர் ரெண்டு பாவிச்சது வாங்கி வச்சிருக்கிறன், மூண்டாவது ஒண்டும் வாங்கலாமெண்டு ஆசை. ஒண்டில பாங்க் அறிக்கை, ஒண்டில கணக்கு மென்பொருள், ஒண்டில மெயில். ரொறொன்ரோவில இருக்கிற அண்ணா தன்ர பழைய மக்புக் எயர் எம்1 ஐ நல்லூர்த் திருவிழாவுக்கு வாற ஆக்களிட்டக் குடுத்து விடுறன் எண்டவர்.

என்ன வாங்க வேணும், என்ன வாங்கக் கூடாது, எதைக் கவனிக்க வேணும்? முதல் சம்பளம் வர முதலே செலவழிக்கிற காசு, அதால யோசிச்சுத்தான் செய்ய வேணும்.

செம்மண்

வாழ்த்துகள் தங்கச்சி. நான் உரும்பிராயில வீட்டில இருந்து மென்பொருள் வேலை செய்யிறன், இது ஆறாவது வருசம்.

முதல்ல மேசையை அளந்து பாருங்கோ. 24 அங்குல மொனிற்றர் ஒண்டின்ர அகலம் 53 சென்ரிமீற்றர், விளிம்போட 54 எண்டு வையுங்கோ. ரெண்டு பக்கத்தில வச்சால் 108. உங்கட 4 அடி மேசை 122. ரெண்டு வடிவா நிக்கும். மூண்டு வச்சால் 162, அதாவது 5 அடி 4 அங்குலம். மேசைக்கு வெளியில போயிடும். ஆமில, அதாவது மொனிற்றரைத் தூக்கிப் பிடிக்கிற உலோகக் கையில, தூக்கி வளைச்சு வைக்கலாம்தான், ஆனா அப்ப ஓரத்தில இருக்கிற ரெண்டையும் பாக்கக் கழுத்தைத் திருப்பிக் கொண்டே இருக்க வேணும்.

நான் மூண்டு வச்சு ரெண்டு வருசம் வேலை செய்தனான். பிறகு ஒண்டைக் கழட்டித் தம்பிக்குக் குடுத்திட்டன். காரணம் இதுதான்: மூண்டாவது திரையில எப்பவும் மெயிலும் வட்ஸ்அப்பும் திறந்திருந்தது. ஒவ்வொரு தகவலும் வரேக்க கண் அங்க ஓடும். திரும்பி வந்து விட்ட இடத்தைப் பிடிக்க நேரம் எடுக்கும். வேலைக்கு உண்மையா ரெண்டு திரைதான் தேவைப்பட்டது, ஒண்டைப் பாத்து மற்றதில பதியிற வேலைக்கு. உங்கட வேலையும் அதே மாதிரித்தான். மெயிலுக்கு லப்டொப்பின்ர சொந்தத் திரை காணும். அதை ஒரு ஸ்ராண்டில வச்சால் அதுவே மூண்டாவது.

மிச்சப்படுற காசைக் கதிரையில போடுங்கோ. எட்டரை மணித்தியாலம் இருக்கப் போறீங்கள்.

கரையோரம்

செம்மண் சொன்னதோட நானும் ஒத்துப் போறன். நான் குருநகரில மொழிபெயர்ப்பு வேலை செய்யிறன்.

ரெண்டு மொனிற்றர் வாங்கினவுடன எல்லாரும் செய்யிற பிழை ஒண்டிருக்கு, நானும் செய்தனான். ரெண்டையும் சரிசமனா வச்சு, நடுவில விளிம்பு ரெண்டும் சந்திக்கிற இடத்துக்கு நேரே கதிரையைப் போடுறது. பாக்க வடிவா இருக்கும். ஆனா நேரே பாத்தால் உங்கட முகத்துக்கு முன்னால இருக்கிறது கறுப்பு விளிம்பு. எதை வாசிக்கிறதெண்டாலும் கழுத்து ஒரு பக்கம் திரும்பித்தான் நிக்கும். எனக்கு எட்டு மாதத்தில இடப்பக்கக் கழுத்து இறுகி, தோள் வரைக்கும் நோ இறங்கி, தலைமயிர் பின்னக் கையைத் தூக்கேலாமப் போச்சு. பயிற்சி சொல்லித் தந்தவ முதல் கேட்ட கேள்வியே "நீங்கள் எந்தப் பக்கம் பாத்து வேலை செய்யிறனீங்கள்?" எண்டதுதான்.

ஒண்டு பிரதானம், நேரே முன்னால. மற்றது பக்கத்தில, உங்களைப் பாத்தபடி உள்ளுக்குச் சரிச்சு. திரையின்ர மேல் விளிம்பு கண் மட்டத்தில அல்லது கொஞ்சம் கீழ. தூரம் ஒரு கை நீளம்.

இன்னுமொண்டு. பக்கத்தில வைக்கிற மொனிற்றரை நிமிர்த்தி, நெடுக்கா வைக்கலாம். 24 அங்குலத் திரையின்ர உயரம் கிட்டத்தட்ட 30 சென்ரிமீற்றர், ஏ4 தாளும் 29.7. கேக்க சரியா இருக்கும், ஆனா மேல மெனுவும் கீழ பட்டியும் இடத்தை எடுத்திடும், ஒரு பக்கம் முழுசாத் தெரியாது. நெடுக்கா வச்சால் 53 சென்ரிமீற்றர் உயரம் கிடைக்கும். பாங்க் அறிக்கை ஒரு முழுப் பக்கத்தையும் மேல கீழ உருட்டாமப் பாக்கலாம். அகலமும் குறையுது: 4 அடி மேசையில கொப்பி வைக்கவும் தேத்தண்ணி வைக்கவும் இடம் வரும்.

ஆனா மொனிற்றர் ஐபிஎஸ் பனலா, அதாவது பக்கத்தில இருந்து பாத்தாலும் நிறம் மாறாத திரை வகையா எண்டு பாருங்கோ. பழைய ரிஎன் பனலை நெடுக்கா வச்சால் ஒரு கண்ணுக்கு வெளிச்சமும் மற்றக் கண்ணுக்கு இருட்டுமாத் தெரியும், தலை இடிக்கும்.

சுன்னாகம்_வயறிங்

பிள்ளை, எல்லாரும் மேசையிலயே நிக்கினம். அந்த உருண்டை முள்ளுப் பிளக் பொயின்ற்றைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. அது எத்தினை வருசம் பழசு? அதில ஏர்த் இருக்கா? மொனிற்றரைப் போட்டிட்டு, பின்பக்கம் இருக்கிற ஸ்குறூவை விரல் நுனியால மெதுவாத் தொட்டுப் பாக்கச் சொல்ல மாட்டன், ஆனா இது வரைக்கும் தொடுப்பட்டிருந்தா என்ன மாதிரி இருந்ததெண்டு சொல்லும்.

கொக்குவில்_கணக்கு

ஐயா, நீங்கள் கேட்டாப் பிறகுதான் யோசிச்சன். மொனிற்றரைச் சோதிச்சுப் பாக்க அடப்டர் ஒண்டு போட்டுத்தான் கொழுவினனான். கேபிள் போடேக்க விரல் சுருசுருத்தது. ஷொக் மாதிரி இல்லை, எறும்பு ஊருற மாதிரி. எச்டிஎம்ஐ முனையை லப்டொப்பில வைக்கேக்க சின்னதா ஒரு பொறியும் தெரிஞ்சது. தங்கச்சிக்குப் பயம் வந்து நிப்பாட்டச் சொல்லிப் போட்டாள்.

சுன்னாகம்_வயறிங்

உம்மட தங்கச்சி கெட்டிக்காரி. இனி அதில கொழுவ வேண்டாம்.

என்ன நடக்குதெண்டு சொல்லுறன். மூண்டு முள்ளு வயரோட வாற மொனிற்றருக்குள்ள, கரண்டில வாற இரைச்சலை வடிகட்டச் சின்னக் கொண்டென்சர்கள் இருக்கு. அதுகளின்ர ஒரு நுனி வெளியில இருக்கிற உலோகத்தோடயும் ஏர்த்தோடயும் சேர்ந்திருக்கும். ஏர்த் சரியா இருந்தால் கசியிற துளி கரண்ட் நிலத்துக்குப் போயிடும். ஏர்த் இல்லாட்டி எங்கட 230 வோல்ற்றின்ர பாதி, 115 வோல்ற் அளவு, அந்த உலோகத்தில நிக்கும். கரண்ட் மிகவும் குறைவு எண்டபடியால்தான் எறும்பு மாதிரி இருக்கு. ஆனா மொனிற்றருக்குள்ள நாளைக்கு உண்மையான பழுதொண்டு வந்தால், அதே உலோகத்தில முழுக் கரண்டும் நிக்கும், அதைக் கொண்டு போக வழி இருக்காது. நீர் கண்ட பொறி லப்டொப்பின்ர எச்டிஎம்ஐ வாசலையும் எரிச்சுப் போடும். அப்பிடி எரிஞ்சு வந்ததுகளை நான் கண்டிருக்கிறன்.

உருண்டை முள்ளுப் பொயின்ற்றில மூண்டு ஓட்டை இருக்கெண்டு நம்ப வேண்டாம். பழைய வீடுகளில மேல் ஓட்டைக்குப் பின்னால வயரே இருக்காது. இருந்தாலும் நீர் போட்ட அடப்டர் ஏர்த்தைக் கொண்டு போகாத சாதியா இருக்கலாம். ரெண்டும் சரியெண்டால் வெளியில ஏர்த் கம்பியைப் பாக்க வேணும். கொக்குவில் பக்கம் மேல மண், கீழ சுண்ணாம்புக் கல்லு. சிலர் கம்பி கல்லில முட்டினவுடன மிச்சத்தை வெட்டிப் போட்டு விட்டிடுவினம். மழைக்கு வேலை செய்யும், ஆடி மாதத்தில மண் காஞ்சவுடன ஏர்த் செத்திடும். கம்பி சரியா இறங்கியிருந்தாலும் வயரைப் பிடிக்கிற கிளாம்ப் பச்சை பூத்துக் கழண்டு போயிருக்கும். இதுகளைக் கண்ணால பாத்துச் சொல்லேலாது, மீற்றர் வச்சு அளக்க வேணும்.

ஆளைக் கூப்பிட்டுச் செய்விக்க வேண்டியது: மெயின் சுவிட்ச் பலகையில இருந்து அந்த அறைக்கு ஏர்த்தோட தனி வயர், 13 அம்பியர் சதுர முள்ளுப் பொயின்ற் ரெண்டு இரட்டை. ரிப் சுவிட்ச், அதாவது கரண்ட் கசிஞ்சால் தானா விழுற சுவிட்ச், இருக்கா எண்டும் பாரும். 30 மில்லி அம்பியர் ரிப் சுவிட்ச் இல்லாட்டி முதல் வேலை அது. மாதத்துக்கு ஒருக்கா அதின்ர ரெஸ்ட் (TEST) பொத்தானை அமத்தி விழுதா எண்டு பாக்க வேணும்.

மூண்டு மொனிற்றரும் லப்டொப்பும் எண்டவுடன லோட் கூடிப் போமெண்டு கனபேர் பயப்பிடுகினம். அந்தப் பயம் தேவையில்லை. 24 அங்குல மொனிற்றர் ஒண்டு 25 வோற் அளவுதான், லப்டொப் 65, றவுட்டர் 10. எல்லாம் சேர்ந்து 150 வோற், ஒரு அம்பியரும் வராது. ஆனா அதே எக்ஸ்ரென்சனில கேத்திலையோ அயன்பொக்சையோ கொழுவக் கூடாது. கேத்தில் ஒண்டே 8, 9 அம்பியர் இழுக்கும்.

செம்மண்

அண்ணை, நன்றி. என்ர வீட்டிலயும் நாளைக்கே கிளாம்ப்பைப் பாக்கிறன்.

தங்கச்சி, புதுசா வயர் இழுக்கப் போறீங்கள் எண்டால் கிழக்குச் சுவரில போட வேண்டாம். நீங்கள் கிழக்குப் பாத்து இருந்தால் மேற்கு யன்னல் முதுகுக்குப் பின்னால வரும். உங்கட வேலை நேரமே பின்னேரம். 3 மணியில இருந்து 6 மணி வரைக்கும் வெயில் நேரே திரையில விழும், எழுத்தொண்டும் தெரியாது. யன்னலைப் பாத்தபடி இருந்தால் திரைக்குப் பின்னால கூசும், அதுவும் கண்ணுக்குக் கூடாது. யன்னல் பக்கவாட்டில வர வேணும்.

பக்கவாட்டு எண்டால் வடக்குச் சுவர் அல்லது தெற்குச் சுவர். நான் வடக்குச் சுவரைத்தான் சொல்லுவன். ஆனி, ஆடியில சூரியன் வடமேற்கில இறங்கும், அது எங்கட வறண்ட காலம், வெயில் கடுமை. வடக்குச் சுவரோட மேசையைப் போட்டால் அந்த வெயில் திரைக்குப் பின்பக்கமா வந்து அறையின்ர மற்ற மூலையில விழும். மார்கழியில சூரியன் தென்மேற்குக்குப் போகேக்க திரையில கொஞ்சம் விழும்தான், ஆனா அது மாரி, கனநாள் மப்பு.

கரையோரம்

யன்னலுக்கு வெளியால ஒரு பனையோலைத் தட்டி கட்டித் தொங்க விடுங்கோ. உள்ளுக்குப் போடுற சேலை வெளிச்சத்தை மறைக்கும், ஆனா சூடு அறைக்குள்ள வந்திடும். வெளியால தட்டி இருந்தால் வெயில் கம்பியில படாது, காத்தும் வரும். சித்திரை வைகாசியில அந்த வித்தியாசத்தை உடம்பில உணருவீங்கள்.

ஸ்காபரோ_ஒழுங்கை

அண்ணாட்டச் சொல்லுங்கோ, எம்1 மக்புக் எயரை அனுப்ப முதல் யோசிக்கச் சொல்லி. எம்1, எம்2 எயர் ரெண்டும் வெளி மொனிற்றர் ஒண்டைத்தான் எடுக்கும். நல்ல டொக் (ஒரு வாசலைப் பல வாசலாக்கிற பெட்டி) வாங்கினாலும் ரெண்டாவதில முதலாவதின்ர படமே வரும், அல்லது ஒண்டும் வராது. எம்3 எயர் மூடி வச்சால் மட்டும் ரெண்டு எடுக்கும். எம்4 எயரில திறந்தபடியே ரெண்டு. டிஸ்பிளே லிங்க் எண்ட அடப்டர் போட்டு எம்1 இல ரெண்டாவதை எடுக்கலாம், மென்பொருள் ஒண்டு நிறுவ வேணும். கணக்கு வேலைக்கு அது காணும். ஆனா அந்த அடப்டரின்ர காசையும் கணக்கில எடுங்கோ.

விண்டோஸ் லப்டொப் எண்டால் இன்ரெல் 11 ஆம் தலைமுறையில இருந்து நாலு திரை வரைக்கும் தாங்கும், அதுக்கு முந்தின சிலது மூண்டு. ஆனா வாசலைப் பாருங்கோ. எச்டிஎம்ஐ ஒண்டு இருக்கும், ரெண்டாவது யூஎஸ்பி சி யில எடுக்க வேணும். எல்லா யூஎஸ்பி சி யும் படம் அனுப்பாது, சிலது சார்ஜுக்கும் டேட்டாவுக்கும் மட்டும்தான். வாங்க முதல் மொடல் எண்ணைப் போட்டுத் தேடிப் பாருங்கோ. மலிவா விக்கிற எச்டிஎம்ஐ ஸ்பிலிற்றர் வாங்க வேண்டாம், அது ஒரே படத்தை ரெண்டு திரையில காட்டும். உங்களுக்கு வேண்டியது ரெண்டு வேற படம்.

பெட்டியில போட்டு இங்க இருந்து அனுப்புற ஆக்களுக்கும் ஒரு வார்த்தை. லப்டொப் சார்ஜரும் அநேகமான மொனிற்றரும் 100 தொடக்கம் 240 வோல்ற் வரை எடுக்கும், வயரை மட்டும் மாத்தினால் சரி. ஆனா கனடாவில வாங்கின யூபிஎஸ்ஸும் எக்ஸ்ரென்சன் பாரும் 120 வோல்ற்றுக்குச் செய்தது. அங்க 230 இல கொழுவினால் எரியும். என்ர மச்சான் வீட்டில பாசத்தோட அனுப்பின யூபிஎஸ் ஒண்டு ஒரே நிமிசத்தில புகைஞ்சது.

கொக்குவில்_கணக்கு

அண்ணாவோட கதைச்சன். எயரைத் தான் வச்சுக் கொண்டு, ஒரு விண்டோஸ் லப்டொப் பாக்கிறன் எண்டவர். வடக்குச் சுவரையும் அப்பாவுக்குக் காட்டினன், சரியெண்டிட்டார்.

யூபிஎஸ் இங்க வாங்கலாமா? வீட்டுக் கூரையில சோலர் இருக்கு, அப்ப தேவையில்லை எண்டு பெரியப்பா சொல்லுறார்.

செம்மண்

பெரியப்பாவிட்ட ஒண்டு கேளுங்கோ: கரண்ட் நிக்கேக்க வீட்டில பகலில லைற் எரியுதா எண்டு. பற்றறி இல்லாம மின்சார சபை லைனோட சேர்ந்து ஓடுற சோலர், லைனில கரண்ட் நிண்டால் தானும் நிக்கும். லைனில வேலை செய்யிற ஆக்களுக்கு ஷொக் அடிக்காம இருக்கத்தான் அப்பிடிச் செய்திருக்கு. அதால யூபிஎஸ் வேணும்.

சாதாரண 650 விஏ யூபிஎஸ்ஸுக்குள்ள 12 வோல்ற் 7 அம்பியர் மணி பற்றறி ஒண்டு. பெருக்கினால் 84 வோற் மணி. மாத்திறதில வீணாகிறதெல்லாம் போக 50 கையில வருமெண்டு வையுங்கோ. லப்டொப்பை யூபிஎஸ்ஸில கொழுவ வேண்டாம், அதுக்குச் சொந்தப் பற்றறி இருக்கு. ரெண்டு மொனிற்றரும் றவுட்டரும் 60 வோற். புதுசா இருக்கேக்க கணக்குப்படி முக்கால் மணித்தியாலம் வரை ஓடும். பக்க மொனிற்றரை நிப்பாட்டினால் இன்னும் கூட. அதுக்கு மேலயும் கரண்ட் வராட்டி லப்டொப் திரையோட வேலையைத் தொடருங்கோ, றவுட்டர் மட்டும் நெடுநேரம் நிக்கும்.

யூபிஎஸ்ஸைக் காத்துப்படுற இடத்தில வையுங்கோ. ஈயப் பற்றறி 25 பாகை சூட்டுக்குக் கணக்குப் போட்டது, அதுக்கு மேல ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் பாதியாகும். யாழ்ப்பாணத்தில மேசைக்குக் கீழ மூலைக்குள்ள தள்ளி வச்சால் ரெண்டு வருசத்தில செத்திடும்.

பண்ணைப்_பாலம்

நான் வயசு போன ஆள், பிள்ளையளின்ர இந்தக் கதையளை வாசிக்கச் சந்தோசமா இருக்கு. 90 களில கரண்ட் இல்லாத காலம், சைக்கிளைக் கவிட்டு வச்சு, பெடலைச் சுத்தி, டைனமோவில றேடியோ கேட்ட ஊர் இது. ஒராள் சுத்த, நாலு பேர் செய்தி கேட்பம். படிக்கிறதுக்கு ஜாம் போத்தல் விளக்கு. 2022 பங்குனிக் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நிண்டதை நீங்களும் கண்டீங்கள். பற்றறியை எப்பவும் நிரப்பி வைக்கிற பழக்கத்தை விடாதேங்கோ. அந்தப் பிள்ளைக்கு வேலை நல்லபடியா அமைய வேணும்.

சுன்னாகம்_வயறிங்

ஐப்பசி, கார்த்திகையில பின்னேர இடிமுழக்கம் தொடங்கினால் யூபிஎஸ்ஸை நம்பி இருக்க வேண்டாம். சுவரில இருந்து பிளக்கைக் கழட்டி விடும். சுவிச்சை நிப்பாட்டினால் மட்டும் காணாது, மின்னல் சுவிச் இடைவெளியைத் தாண்டும். பைபர் இணைப்பில கண்ணாடி நார் மின்னலைக் கடத்தாது, ஆனா றவுட்டரின்ர அடப்டர் கரண்டிலதான் இருக்கு. அதையும் கழட்ட வேணும்.

கொக்குவில்_கணக்கு

ஆறு கிழமைக்குப் பிறகு எழுதுறன். நீங்கள் எல்லாரும் இவ்வளவு நேரம் செலவழிச்சுச் சொன்னபடியால் என்ன செய்தனெண்டு சொல்ல வேணும்.

வயறிங் செய்யிறவர் வந்து பலகையைத் திறந்து பாத்தார். வெளியில ஏர்த் கம்பி இருந்தது. கிளாம்ப்பைக் கையால தொட்டவுடன தூளாக் கொட்டுண்டு போச்சு. அப்பா கனநேரம் ஒண்டும் கதைக்காமப் பாத்துக் கொண்டு நிண்டார். இத்தினை வருசமா அம்மா அதே வீட்டில ஈரக் கையோட கிறைண்டர் பாவிச்சவ. புதுக் கம்பி வேற இடத்தில, கிணத்தடிப் பக்கம் ஈரமான மண்ணில, முழு நீளத்துக்கு இறக்கினவை. ரிப் சுவிட்ச்சும் புதுசு. மூண்டாவது மொனிற்றருக்கு வச்சிருந்த காசு அதுக்குத்தான் போனது, போகட்டும்.

இப்ப மொனிற்றரின்ர ஸ்குறூவில கரண்ட் பாக்கிற ரெஸ்ரர் வச்சால் எரியிறேல்லை. முதல் அதில மங்கலா ஒரு செம்மஞ்சள் வெளிச்சம் நிண்டது.

மேசைக்கு, பின்கட்டில சாத்தி வச்சிருந்த பழைய வேப்பமரக் கதவை எடுத்து, மேல பிளைவூட் அடிச்சு, தச்சர் கால் போட்டுத் தந்தார். ஆறரை அடி நீளம். மொனிற்றர் ஆம் வாங்கேல்லை. நேரே ஒரு மொனிற்றர், இடப்பக்கம் ஒண்டு நெடுக்கா, அதில பாங்க் அறிக்கை. கரையோரம் அக்கா சொன்ன மாதிரி ஒரு பக்கம் முழுசாத் தெரியுது. முன்னம் ஒரு வரியைப் பாத்து, உருட்டி, மறந்து, திரும்ப உருட்டிப் பாக்கிறது. இப்ப விரலை வச்சுப் பிடிச்ச மாதிரி கண் நிக்குது. மேசை எனக்குக் கொஞ்சம் உயரம். கதிரையை உயர்த்தினால் கால் தொங்கும், அதுக்கு அம்மா குசினியில இருந்த பலகைக்கட்டையைத் தந்தவ.

போன செவ்வாய் இரவு லண்டன் ஆக்களோட கதைச்சுக் கொண்டிருக்கேக்க கரண்ட் நிண்டது. மேல காத்தாடி நிண்ட சத்தம்தான் முதல் கேட்டது. யூபிஎஸ்ஸால திரை ரெண்டும் அணையாம அப்பிடியே நிண்டது. நான் தொடர்ந்து கதைச்சன், அவைக்குத் தெரியாது.

தட்டி மட்டும் இன்னும் கட்டேல்லை. யன்னல் 4 அடி அகலம், 4 அடி உயரம். எவ்வளவுக்குப் பின்னச் சொல்லுறது?

கரையோரம்

ரெண்டு பக்கமும் அரை அடி கூட விட்டு 5 அடி அகலம் சொல்லுங்கோ தங்கச்சி, இல்லாட்டி தென்மேற்கு வெயில் ஓரத்தால வரும். உயரம் நாலரை காணும். மேல ஒரு கம்பு குடுத்து, கயிறு போட்டுச் சுருட்டிற மாதிரிக் கட்டுவியுங்கோ. மப்பு நாளில தூக்கி விடலாம். மாரிக் காத்து தொடங்க முதல் கீழ் நுனியையும் ரெண்டு பக்கக் கம்பியில கட்டி வையுங்கோ.